முத்துக் குளிப்போரும் கயிறு பிடிப்போரும்

இளைஞர் சிலர் ஒன்றுகூடி ஊரெல்லை கடந்து சென்று, இயற்கையின் கடுமையோடு தம் உடல் வலிமையைப் பொருது பார்ப்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கமாகும். ஸ்காட்லாந்து நாட்டுக் குன்றுகளில் நண்பர் குழாத்தினர் தடித்த சக்கரங்கள் பூட்டிய மிதிவண்டிகளில் ஏறிக் கல்லும் சேறும் நிறைந்த சரிவுகளில் இறங்குவர். நம் நீலகிரி மலைப்பாதைகளிலும் 2008-ஆம் ஆண்டில் மிதிவண்டிப் பயணம் ஒன்று தொடங்கிப் பலரை ஈர்த்தது. இப்பயணங்களில் முன்செல்பவன் திரும்பிப் பார்ப்பான். பின்வருபவன் விழுந்தால் குரல் கொடுப்பான். அது கேட்டுத் தோழர் ஓடி வருவர். குரல் கொடுக்கவும் இயலாத இடத்தில் தோழமை எவ்வாறு தொழிற்படும்? இதனை அறிய விரும்புவோர் மலையை விட்டுத் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வருதல் வேண்டும். அங்கே கடலடியில் முத்தெடுக்க மூழ்கியவர்க்கும், தோணியில் நின்று அவர்க்குக் கயிறு பிடித்தவர்க்கும் பேச்சு என்பது கயிறு ஒன்றே.

மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் பாறைப்பாங்கான மேடுகள் பல உள்ளன. கடலோர மக்கள் அவற்றைப் 'பார்' என்பர். முத்துச் சிப்பி நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. ஆதலின் பார்களே முத்தின் விளைநிலம் ஆயின. பாண்டியர் காலத்தில் இவ்வாணிகத்திற்குத் துறையாக விளங்கியது கொற்கை. பொருநையாறு கொணர்ந்த மண்ணால் கடல் பின்வாங்கிற்று; இன்று கொற்கை உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. அதன்பின் காயலும், அதற்கும் பின் தூத்துக்குடியும் தலையெடுத்தன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்பயண நூல் ஒன்று, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று கூறுகின்றது. அவர்களுக்குக் கயிறு பிடித்தவர் யாவர் என்பதை அந்நூல் கூறவில்லை. காவலரே பிடித்திருப்பின், அக்குளிப்பைத் தண்டனை என்றதில் பிழையில்லை.

பிற்காலத்தில் முத்துக் குளித்தல் பரதவர்க்கும் கீழக்கரை முஸ்லிம்களுக்கும் குலத்தொழில் போல ஆயிற்று. ஆண்டுதோறும் அது நிகழ்வதில்லை. அரசினர் முதலில் பார்களை ஆய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பர். விளைவு போதும் எனக் கண்டால் நாள் குறிப்பர். இவ்வாறு நடைபெறும் முத்துக் குளிப்பிற்குச் 'சலாபம்' என்பது பெயர். கடல் அமைதியுற்றிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே அதற்கு ஏற்ற காலம். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்று வீசத் தொடங்கியதும் தோணிகள் பாய் விரித்துப் புறப்படும். விடியற்காலையில் பாரை அடையும். நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்றால் கரை திரும்பும். போவதற்கு ஒரு காற்றும் வருவதற்கு ஒரு காற்றும் இயற்கையே அமைத்துக் கொடுத்தது.

இனி, மூழ்கும் முறையைக் காண்போம். குளியாளுக்கு இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்றின் முனையில் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ எடையுள்ள கல் கட்டப்பட்டிருக்கும். மற்றொன்றின் முனையில் வலைப்பை இருக்கும். குளியாள் கல்லின் மேலுள்ள வளையத்தில் ஒரு காலை நுழைத்து, தோணியின் விளிம்பையொட்டி நீரில் நிற்பான். ஆழ மூச்சிழுத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக் குறிப்புக் காட்டுவான். கயிறு பிடிப்பவன் கல்லின் கயிற்றைத் தளர்த்துவான். நீந்திச் சென்றால் ஆழத்தை அடைவதற்குள்ளேயே மூச்சில் பெரும்பகுதி செலவாகிவிடும். கல்லோ சில நொடிகளில் அவனைப் பாரில் சேர்த்துவிடும். அவன் வளையத்திலிருந்து காலை எடுத்ததும் மேலிருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். அக்கல்லைக் கொண்டே இரண்டாவது குளியாள் மூழ்குவதற்கு ஆயத்தமாவான். ஒரு கல்லுக்கு இருவராக, ஒருவன் மூழ்க ஒருவன் இளைப்பாறுவது முறை.

கீழே இருப்பவனுக்கு உள்ள காலம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. மிகத் தேர்ந்தவர் சற்றுக் கூடுதலாக இருப்பர். அதற்குள் அவன் பாரைத் தடவித் தடவிச் சிப்பிகளைப் பறித்துப் பையில் இடுவான். பின்பு கயிற்றை வெட்டி இழுப்பான். அஃதே அவன் சொல்லும் ஒரே சொல். அச்சொல் கேட்டவுடன் மேலிருப்பவன் இரு கைகளும் மாறி மாறி விரையக் கயிற்றை இழுப்பான்.

பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் உள்ளன. விரித்த இரு கைகளின் அளவே பாகம். அது ஏறத்தாழ ஆறடி. பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் மார்பினுள் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். செவிப்பறை வலிக்கும், சிலர்க்கு மூக்கிலும் செவியிலும் குருதி கசியும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. மூழ்குமுன் மிகையாக மூச்சு வாங்கியவனுக்கு, உயிர்வளி குறைந்த பின்னரும் மூச்சு விடவேண்டும் என்னும் உணர்ச்சி தோன்றாது. மேலெழுந்து வரும்போது அழுத்தம் குறைய, எஞ்சிய உயிர்வளியும் பயன்படாமற் போக, யாதோர் அறிகுறியுமின்றி அவன் நினைவிழப்பான். கை கயிற்றை விட்டு நழுவினால் மேலே வருவது வெறும் பையே. அந்நொடியில் இளைப்பாறிக்கொண்டிருக்கும் மற்றவன் குதித்தாக வேண்டும்.

சுறாவுக்குக் குளியாள் அஞ்சிய அளவு இதற்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவோர் இருந்தனர்; அவர்க்குக் 'கடல்கட்டி' என்பது பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கொடுக்கப்பட்டது என்றும், இரவில் எவரும் திருட்டுத்தனமாக மூழ்காதிருக்க அவர்கள் மாலையில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவர் என்றும் எழுதியுள்ளார். மந்திரத்தின் ஆற்றல் எவ்வாறாயினும் அது தந்த துணிவு மெய்யானது. எனினும் உயிரைக் காத்தது கயிற்றைப் பற்றிய கையே.

அக்கையின் பொறுப்பு எளிதன்று. விரைந்து இழுத்தால் பை நிறையாது. தாழ்த்து இழுத்தால் ஆள் மீளான். குளியாள் எத்துணை நேரம் தாங்குவான், காலை முதல் எத்துணை முறை மூழ்கிக் களைத்துள்ளான் என்பனவெல்லாம் அவன் மனத்தில் இருத்தல் வேண்டும். இதனாற்றான் மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க நிறுத்துவர் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தன் தங்கையின் மங்கலநாண் அக்கயிற்றின் மறுமுனையில் உள்ளதை அவன் மறப்பானோ? ஆயினும், எல்லாத் தோணிகளிலும் மைத்துனரே நின்றனர் என்று கொள்ளுதல் வேண்டா. பெருஞ் சலாபத்தில் கூடிய குளியாட்கள் அனைவர்க்கும் கயிறு பிடிக்கத் தக்க மைத்துனர் வாய்த்திருத்தல் அரிது! அயலான் ஒருவனையே மைத்துனன் போல நம்பி மூழ்கியோர் பலராவர்.

கரை சேர்ந்த சிப்பிகளை மூன்று பங்காக்கி, இரண்டை அரசு கொள்ள, ஒன்று குளியாட்களுக்கு உரியதாகும். அதிலிருந்தே தோணிக்கும் கயிறு பிடித்தவனுக்கும் பங்கு உண்டு. சிப்பியைத் திறக்குமுன் உள்ளே முத்து உண்டோ இல்லையோ எவரும் அறியார், பெரும்பாலானவற்றில் இல்லை.

1955-ஆம் ஆண்டு முதல் 1961-ஆம் ஆண்டு வரை தொடர்ந்து நடைபெற்ற சலாபங்களே தூத்துக்குடியின் இறுதிச் சலாபங்கள். அதன்பின் பார்களில் சிப்பி அற்றுப்போயிற்று. 1973-ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் சிப்பியினுள் உட்கரு இட்டு முத்து வளர்த்துக் காட்டினார். அம்முத்துக்கு மூச்சடக்க வேண்டுவதில்லை.

எனினும் கடலில் மூழ்குவோர் மறைந்துவிடவில்லை. தூத்துக்குடித் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கச் செல்வோர் இன்றும் உளர். கல்லுக்கும் அடக்கிய மூச்சுக்கும் மாறாக, படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து நீண்ட குழாய் வழியே மூச்சு வாங்கும் முறை வந்துள்ளது. அதனால் நெடுநேரம் கீழே இருக்க இயலும், இடரும் புதிதாயிற்று. நெடுநேரம் ஆழத்தில் இருந்தவன் விரைந்து மேலெழுந்தால், குருதியில் கரைந்திருந்த நைட்ரசன் குமிழிகளாகி மூட்டுகளை முடக்கும். கால்கள் செயலிழத்தலும் உண்டு. முற்காலத்தில் விரைந்து இழுப்பவன் உயிர் காத்தான். இக்காலத்தில் மெல்ல ஏறவிடுபவனே காக்கின்றான். குழாய் மடியாமலும் பொறி நின்றுவிடாமலும் பார்த்துக்கொண்டு, நீரின் மேல் கண்ணை வைத்துப் படகின் விளிம்பில் ஒருவன் அமர்ந்திருக்கின்றான்.