சிறு மரக்கப்பல் செய்வோம்: கூடிக் கற்பதற்கு ஒரு பாடம்

மலையில் வாழும் எமக்குக் கப்பல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் எமது முன்னோர் தோணிகளில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நடந்தே இம்மலைகளுக்கு வந்தவர்கள். கப்பல் எமது கதைக்கு வெளியே உள்ள பொருள் அல்ல.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தயில் மண் சரிந்தபோது உயிர்களும் லயங்களும் மண்ணுள் போயின. தப்பியவர்கள் நீண்ட காலம் தற்காலிக இடங்களில் தங்கினார்கள். வேறு இடங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்த விவசாயக் குடும்பங்களும் இந்த வாழ்வை அறியும். இத்தகைய இடங்களில் பசிக்கு அடுத்த துன்பம், கைக்கு வேலை இல்லாதிருப்பது. மண்வெட்டி பிடித்த கை சும்மா இருக்கும்போது மனம் சோர்ந்து விடுகிறது. ஆகவே மரத்தில் சிறு கப்பல் செய்யும் கலையையும், அதைச் செய்வோர் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

மூன்று முன்மாதிரிகள்

முதலாவது எமது நாட்டிலேயே உள்ளது. 1930இல் வல்வெட்டித்துறையில் 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது. இரண்டு பாய்மரங்கள், ஏறத்தாழ 90 அடி நீளம். இதனை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். கிராமத்துத் தச்சர்களின் கைவேலை அத்திலாந்திக் கடலையும் தாங்கியது.

இரண்டாவது, இங்கிலாந்தின் நோர்மன் குறொஸ் சிறை முகாம். 1797 முதல் 1814 வரை பிரெஞ்சுப் போர்க்கைதிகள் இங்கு அடைக்கப்பட்டிருந்தார்கள். உணவில் மிஞ்சிய எலும்பையும், மரத்துண்டையும், வைக்கோலையும் கொண்டு கப்பல்களும் பெட்டிகளும் செய்து, முகாம் வாசலில் நடந்த சந்தையில் விற்றார்கள். அவற்றுட் பல இன்றும் பீற்றர்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளன. எல்லாம் இழந்தவர்களிடமும் கைத்திறன் எஞ்சியிருந்தது.

மூன்றாவது, மொரீசியஸ் தீவு. எம்மைப் போலவே கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கு வாழ்கிறார்கள். 1960களின் பிற்பகுதியில் கியூர்பைப் பகுதியில் சிறு அளவில் தொடங்கிய மாதிரிக் கப்பல் வேலை, பின்னர் பல பட்டறைகளாக வளர்ந்தது. உடல் செய்வோர், பாய் தைப்போர், கயிறு கட்டுவோர் என்று வேலையைப் பகிர்ந்து கொண்டார்கள்.

செய்யும் முறை

1. அளவு: உண்மைக் கப்பலின் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 90 அடிக் கப்பல் 22½ அங்குல நீளமாகும். முதலில் தாளில் முழு அளவில் வரைய வேண்டும்.

2. மரம்: தச்சுப் பட்டறையில் கழிக்கும் சப்பு மரத்துண்டும் மூங்கிலும் போதும். இதற்கென மரம் வெட்ட வேண்டாம். எமது பனியிலும் மழையிலும் மரம் ஈரம் பிடிக்கும். ஈர மரம் ஒட்டிய பின் சுருங்கி இடைவெளி விடும். ஆகவே அடுப்புக்கு மேலுள்ள பரணில் சில வாரம் காய வையுங்கள்.

3. எலும்புக்கூடு: அடியில் நீளமாக ஓடும் ஏராக்கட்டையே கப்பலின் முதுகெலும்பு. அதன் மேல் குறுக்குச் சட்டங்களை நேராக நிறுத்த வேண்டும். இங்கு கோணினால் எல்லாம் கோணும்.

4. பலகை: மெல்லிய கீற்றுகளைச் சுடுநீரில் ஊறவைத்து, மெல்ல வளைத்து, காய்ந்தபின் மரப்பசையால் ஒட்டுங்கள். காயும்வரை துணி கிளிப் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்தால் ஏரா அந்தப் பக்கம் வளைந்துவிடும்.

5. கயிறு: தைக்கும் நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்தால் பிசிர் அடங்கும்.

ஒருவருக்கொருவர் துணை

இவ்வேலையைத் தனியே தொடங்குவோரிற் பலர் பலகை ஒட்டும் கட்டத்தில் கைவிடுகிறார்கள். கீற்று முறியும். இடைவெளி தெரியும். 'எனக்கு இது வராது' என்று மூலையில் வைத்துவிடுவார்கள். எனவே ஐந்தாறு பேர் கூடி, இரு வாரத்துக்கு ஒருமுறை சந்தியுங்கள். முடிந்ததை மட்டுமல்ல, முடியாததையும் பழுதானதையும் கொண்டு வாருங்கள்.

பார்ப்பவர் முதலில் நன்றாக வந்த இடத்தைச் சொல்லட்டும். பிறகு 'இதை எப்படிச் செய்தாய்?' என்று கேட்கட்டும். காரணம் அந்த விடையிலேயே வெளிவரும். பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பறித்துத் தாமே செய்து கொடுப்பது உதவியாகாது. வேறொரு துண்டில் செய்து காட்டுவதே உதவி. வெள்ளைப் பசை சுடுநீர்த் துணி பட்டால் இளகும். பிழையாக ஒட்டியதைக் கழற்றி மீண்டும் ஒட்டலாம் என்பதைப் புதியவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் அப்போதே போய்விடும்.

பெண்களையும் முதியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறித்த விரல்களின் வேகமும் நுட்பமும் கயிறு கட்டும் வேலைக்கு மிகவும் ஏற்றவை. முதியோரிடம் தோணியில் வந்தவர்களின் கதைகள் இருக்கும். வேலையோடு அவற்றையும் கேளுங்கள்.

எச்சரிக்கையாக இரண்டு

ஒன்று, இதை உடனடி வருமானமாக எண்ணிக் கடன்பட்டுக் கருவி வாங்காதீர்கள். ஒரு நல்ல கத்தி, சிறு வாள், அரத்தாள், பசை ஆகியவற்றுடன் தொடங்கலாம். விற்பனை வந்தால் நன்று. வராவிட்டாலும் கற்ற கை தச்சு வேலைக்கு உதவும்.

இரண்டு, கப்பல் செய்வது வீட்டுக்கோ காணிக்கோ மாற்று அல்ல. பாதுகாப்பான நிலமும் காணி உறுதியும் எமது உரிமை. அதற்கான கூட்டத்துக்குப் போகும் நாளில் கப்பல் வேலை காத்திருக்கட்டும். ஆயினும் கப்பலுக்காகக் கூடிப் பழகியவர்கள், மனு எழுதவும் கூடுவார்கள். ஒருவர் பிழையை மற்றவர் பொறுமையோடு திருத்தப் பழகிய குழு, சங்கத்திலும் எளிதில் உடையாது.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடியிருப்பில் கைத்திறன் உள்ளவர்கள் யார் யார்? அதைப் பிறருக்குக் கற்பிக்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தோமா?

2. ஒருவர் செய்த வேலையைப் பார்க்கும்போது எமது வாயில் முதலில் வருவது பாராட்டா, குறையா?

3. அடுத்த சந்திப்புக்கு முன் ஏராக்கட்டையை நேராகச் சீவி வரப்போவது யார்?