உப்புக் காற்றில் ஒரு பழைய செஸ்னா: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் திருகோணமலையில் படகு எஞ்சின்களின் உதிரிப்பாகங்கள் விற்பவன். இரத்மலானையில் பறக்கப் பழகி, தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறேன். அதே அனுமதிப்பத்திரம் உள்ள இரு நண்பர்களுடன் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்க நினைக்கிறோம். இரத்மலானையில் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது: 1975இல் செய்த செஸ்னா 150. உடல் 6,800 மணி நேரம் பறந்திருக்கிறது. எஞ்சினை 2006இல் ஓவர்ஹோல் செய்த பிறகு 1,350 மணி ஓடியிருக்கிறது. இரண்டு வருடமாகப் பறக்கவில்லை, பறப்புத் தகுதிச் சான்றிதழும் காலாவதியாகிவிட்டது. "எஞ்சினில் இன்னும் 450 மணி மிச்சம் இருக்கிறது, பெயின்ற் புதிது" என்கிறார் உரிமையாளர். இதன் விலையை எப்படி மதிப்பிடுவது? சீனன்குடாவில் வைத்துப் பராமரிக்க முடியுமா? எங்களைப் போன்றவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா?
– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: முதலில் தைரியமாகச் சொல்கிறேன். ஐம்பது வயதான செஸ்னா என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. 1958 முதல் 1977 வரை செஸ்னா 150 வகையில் ஏறத்தாழ 24,000 விமானங்கள் செய்யப்பட்டன. அவற்றில் பல இன்றும் உலகெங்கும் பறக்கின்றன. உங்கள் ஊரின் சீனன்குடாத் தளத்திலேயே இலங்கை விமானப்படையின் பயிற்சிப் பிரிவு செஸ்னா 150களைப் பறக்கவிட்டு வந்திருக்கிறது. கடலோரம் என்பது இந்த விமானத்துக்குச் சாபம் அல்ல. ஆனால் அங்கே அதைக் கவனிக்க ஆள், கொட்டகை, பதிவேடு, ஒழுங்கான பறப்பு எல்லாம் உண்டு. உங்களுக்கும் அந்த நான்கும் கிடைக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறந்த வருடத்தை விட, சும்மா நின்ற மாதங்கள்தான் விமானத்தைக் கிழவனாக்கும்.

விலையைக் கணிக்கும் முறை

உங்கள் விமானத்தின் எஞ்சின் கொன்டினென்டல் ஓ-200; 100 குதிரைவலு. ஓவர்ஹோலுக்கு இடையே 1,800 மணி என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. 1,350ஐக் கழித்தால் 450 மிச்சம் என்பது பாதி உண்மைதான். அதே தயாரிப்பாளர் மணியோடு வருடத்தையும் எண்ணுகிறார்: 1,800 மணி அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. 2006இல் செய்த ஓவர்ஹோலின் 12 வருடம் 2018இலேயே முடிந்துவிட்டது. தனியார் விமானத்துக்கு அந்த எல்லை கட்டாயமா, நிலையைப் பார்த்து நீட்டலாமா என்பதை உங்கள் பராமரிப்புத் திட்டத்தை அங்கீகரிக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைதான் தீர்மானிக்கும். ஆனால் விலை பேசும்போது அந்த எஞ்சினை ஓவர்ஹோலுக்குக் காத்திருக்கும் எஞ்சினாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி: சந்தை விலைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆயுளின் பாதியில் இருக்கும் எஞ்சினை மனதில் வைத்தே விலை சொல்கின்றன. அந்த விலையை எடுத்து, ஓவர்ஹோல் செலவில் பாதியைக் கழியுங்கள். பிறகு காலாவதியான சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவையும், பரிசோதனையில் தெரியவரும் பழுதுகளின் செலவையும் கழியுங்கள். ஓ-200 எஞ்சினை வெளிநாட்டில் ஓவர்ஹோல் செய்தால் 20,000 அமெரிக்க டொலரைத் தாண்டும். அனுப்பி எடுக்கும் கூலி தனி. சில செஸ்னா 150களின் முழு விலையே அந்தத் தொகைக்கு அருகில்தான் நிற்கிறது. ஆகவே எஞ்சின் முடிந்துபோன விமானம் மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவல்ல.

அடுத்தது லொக் புத்தகங்கள். உடலுக்கும் எஞ்சினுக்கும் தொழிற்சாலையை விட்ட நாள் முதல் தொடர்ச்சியான பதிவு இருக்க வேண்டும். ஒரு புத்தகம் காணாமல் போயிருந்தால் பெறுமதி பெரிதாக இறங்கும். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. மூக்குச் சக்கரம் மடிந்தது, புரொபெல்லர் தரையில் அடித்தது போன்ற சம்பவங்களைத் தேடிப் படியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது புரொபெல்லர் தரையில் இடித்திருந்தால், எஞ்சினைக் கழற்றிப் பார்த்த பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பறப்புத் தகுதி ஆணைகள் ஒவ்வொன்றும் எப்போது நிறைவேற்றப்பட்டது என்ற பட்டியலும் வேண்டும். செஸ்னாவில் தவறவிடக் கூடாதது இருக்கைத் தண்டவாளம் பற்றிய ஆணை. அமெரிக்க அதிகாரிகள் 1987இல் போட்டு 2011இல் புதுப்பித்தது. துளைகள் தேய்ந்து, பூட்டு பிடிக்காமல், கிளம்பும் நேரத்தில் இருக்கை பின்னுக்கு வழுக்கினால் விமானி கையில் இருக்கும் சுக்கானையும் சேர்த்து இழுத்துவிடுவார். பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும்.

புதுப் பெயின்றுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். எதை மறைக்கப் பூசினார்கள் என்று முதலில் பாருங்கள்.

அரிப்பைக் கண்டுபிடிப்பது

இரத்மலானையும் கடலோரம், சீனன்குடாவும் கடலோரம். இந்த விமானம் உப்புக் காற்றிலேயே வாழ்ந்திருக்கிறது. அந்தக் கால செஸ்னாக்கள் பலவற்றில் உட்புற அலுமினியத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு கேட்டு வாங்கினால்தான் உண்டு. கேட்காதவர்களுக்கு வெறும் தகடுதான் வந்தது. ஆகவே வெளியே பளபளக்கும் விமானத்தின் உள்ளேயும் பார்க்க வேண்டும்.

அலுமினியம் அரித்தால் வெள்ளைத் தூளாகும். பெயின்றுக்கு அடியில் கொப்புளம் போல எழும்பும். தளர்ந்த ரிவெற்றைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகள், இறக்கை உடலில் சேரும் இடம், இறக்கைத் தாங்குகோலின் இரு முனைகள், மின்கலப் பெட்டி, தரைத்தகட்டின் அடிப்பக்கம், சுக்கான்களின் நீள் கீல்கள் – இவற்றை விளக்கு, கண்ணாடி, போரஸ்கோப் கமரா கொண்டு பார்க்க வேண்டும். உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்புப் பஞ்சை உரித்துப் பாருங்கள். அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் தின்னும். உருக்கு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். சுக்கான் கம்பிகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அறுந்த இழை துணியில் மாட்டும்.

இந்தக் கவலை சிறிய விமானத்துக்கு மட்டும் உரியதல்ல. ஹவாய்த் தீவுகளுக்கு இடையே உப்புக் காற்றில் குறுந்தூரம் பறந்துவந்த ஆலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 1988 ஏப்ரல் 28 அன்று நடுவானில் மேற்கூரையின் ஒரு பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். பலமுறை பறந்த களைப்பும், இணைப்புகளில் புகுந்த அரிப்பும் சேர்ந்து தகட்டைத் தளர்த்தியிருந்தன.

செஸ்னா நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் தன் பழைய சிறு விமானங்களுக்கு மேலதிகப் பரிசோதனைத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. இறக்கைத் தண்டு, தாங்குகோல் பொருத்து, சக்கரத் தண்டு பிடிக்கும் இடம் என்று பழசானால் பலவீனமாகும் பகுதிகளை அது வரிசைப்படுத்துகிறது. இந்த விமானத்தில் அது செய்யப்பட்டிருந்தால் பெறுமதி கூடும். செய்யப்படாவிட்டால், வாங்குவதற்கு முன் உங்கள் செலவில், உங்கள் பொறியியலாளரைக் கொண்டே செய்யுங்கள். விற்பவரின் பராமரிப்பாளரிடம் அதை ஒப்படைக்க வேண்டாம்.

இரண்டு வருடம் நின்ற எஞ்சின்

லைக்கமிங் எஞ்சின் நிறுவனத்தின் வழிகாட்டிக் கடிதம் ஒன்று, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் புதிய எஞ்சினின் சிலிண்டர் சுவரில் இரண்டே நாளில் துரு தொடங்கலாம் என்கிறது. உங்கள் எஞ்சின் கொன்டினென்டல் ஆனாலும் உருக்கின் குணம் ஒன்றுதான். நல்ல செய்தி: ஓ-200இல் கேம் தண்டு கீழ்ப்பக்கம் இருப்பதால், மேலே கேம் தண்டு வைத்த லைக்கமிங்கைப் போல எண்ணெய் முழுதாக வடிந்து காய்வதில்லை. இருந்தாலும் இரண்டு வருடம் நீண்ட காலம். அந்த எஞ்சினை "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன்" என்றால் அனுமதிக்காதீர்கள். முதலில் பிளக்குகளைக் கழற்றி, போரஸ்கோப்பால் சிலிண்டர்களைப் பார்த்து, எண்ணெய் மாற்றி, எரிபொருளை வடித்து, ரப்பர்க் குழாய்களை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். பிறகு கொம்பிரஷன் சோதனை, எண்ணெய் வடிகட்டியை வெட்டி உலோகத்தூள் தேடுதல், எண்ணெய் ஆய்வு.

பெரிய வேலைக்குப் பின் முதல் பறப்பில் பயணி வேண்டாம். அனுபவமுள்ள விமானி ஓடுதளத்துக்கு மேலேயே சுற்றட்டும். 2023 ஆகஸ்ட் 7 அன்று சீனன்குடாவில் சோதனைப் பறப்புக்குக் கிளம்பிய விமானப்படையின் பி.டி.6 பயிற்சி விமானம் விழுந்து இருவர் உயிரிழந்ததை உங்கள் ஊர் மறந்திருக்காது. சோதனைப் பறப்பு என்பது அந்த அளவு மரியாதையோடு செய்ய வேண்டிய வேலை.

சீனன்குடாவில் வைத்துக்கொள்வது

சீனன்குடா விமானப்படையின் தளம். ஓடுபாதை இரண்டு கிலோமீற்றருக்கு மேல். செஸ்னா 150க்கு அது தாராளம். ஆனால் அங்கே நிறுத்திவைப்பது விமானப்படையின் அனுமதியைப் பொறுத்தது. கொட்டகை இடம், நுழைவு அனுமதி, வருடத்தில் எத்தனை நாள் என்பதையெல்லாம் எழுத்தில் பெறுங்கள். திறந்த வெளியில்தான் நிறுத்தலாம் என்றால் என் பதில் "வேண்டாம்" என்பதே. வாடைக்காற்றும் மார்கழி மழையும் ஒரு பக்கம், கச்சான் காற்றின் வெயிலும் உப்பும் மறுபக்கம் என்று வருடம் முழுவதும் அடி விழும்.

எரிபொருளும் யோசிக்க வேண்டிய விஷயம். பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் ஓடுபாதைக்கு அருகில் நிற்கின்றன என்பதால் விமானப் பெற்றோல் சுலபமாகக் கிடைத்துவிடாது. சீனன்குடாவுக்கு வந்துபோகும் கரவன் விமானங்கள் டர்பைன் எரிபொருளில் ஓடுபவை. உங்களுக்குத் தேவை 100 ஒக்டேன் விமானப் பெற்றோல், மணிக்கு 20 முதல் 25 லீற்றர். அதை எங்கே, எப்படி வாங்கி வைப்பது என்பதை முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். சாலைப் பெற்றோலை அனுமதியின்றி ஊற்றாதீர்கள். ஈயம் குறைந்த 80 ஒக்டேனுக்காக வடிவமைத்த ஓ-200இல், இன்றைய விமானப் பெற்றோலில் உள்ள ஈயத்தால் பிளக்குகளில் கசடு பிடிக்கும். தரையில் ஓடும்போது எரிபொருள் கலவையை மெலியவையுங்கள், பிளக்குகளை ஒழுங்காகச் சுத்தம் செய்யுங்கள்.

பெரிய வேலைகளுக்கு இரத்மலானைக்குப் பறக்க வேண்டியிருக்கும். ஏறத்தாழ 240 கிலோமீற்றர், செஸ்னாவில் ஒன்றேகால் மணி. அதைப் பாரமாக எண்ண வேண்டாம். மாதம் ஒருமுறையாவது எண்ணெய் நன்றாகச் சூடாகும்படி ஒரு மணி நேரம் பறப்பதே எஞ்சினுக்கு மருந்து. தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது கெடுதி. ஈரம் எண்ணெயில் சேரும், வெளியேறாது. எண்ணெய் வடிகட்டி உள்ள எஞ்சினுக்கு 50 மணிக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள்.

மழைக்குப் பின் தாங்கியின் அடியிலிருந்து மாதிரி எடுத்துத் தண்ணீர் பாருங்கள். பழைய மூடிகள் கசியும். வேகமானிக் குழாயைத் துணிமூடியால் மூடிவையுங்கள், குளவி கூடு கட்டும். கடலுக்கு மேல் தாழப் பறந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காற்றழுத்தத் துளைகளை ஒட்டுநாடாவால் மூடிக் கழுவினால், பிறகு அதை உரிப்பதைச் சரிபார்ப்புப் பட்டியலில் எழுதுங்கள். 1996 ஒக்ரோபர் 2 அன்று அப்படி உரிக்காமல் விட்ட ஒட்டுநாடாவால் ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 கடலில் விழுந்து 70 பேர் மாண்டார்கள்.

கட்டுப்படியாகுமா?

விலையை மட்டும் பார்க்காமல் மணிக்கு ஆகும் செலவைப் பாருங்கள். ஓவர்ஹோலுக்கு 27,000 டொலர் என்று வைத்தால், 1,800 மணிக்கு மணி ஒன்றுக்கு 15 டொலர் ஒதுக்க வேண்டும். அதோடு எரிபொருள், காப்புறுதி, கொட்டகை வாடகை, வருடப் பரிசோதனை. அந்த ஒதுக்கீட்டை ரூபாயில் வைத்தால் அது போதாது என்பதை 2022 காட்டிவிட்டது; சில மாதங்களில் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து 350க்கு மேல் ஏறியது. உதிரிப்பாகம் எல்லாம் டொலரில்தான் வரும்.

மூவர் சேர்ந்தாலும் செஸ்னா 150இல் இரண்டே இருக்கை. யார் எப்போது பறப்பது, ஒருவர் விலகினால் பங்கை எப்படி வாங்குவது, மாதாந்த நிதிக்கு ஆளுக்கு எவ்வளவு – இவற்றை நட்பை நம்பி விடாமல் சட்டத்தரணியிடம் எழுதி வையுங்கள். மூவருமாக வருடத்துக்கு 100 மணி பறப்பீர்கள் என்றால் சொந்த விமானம் கட்டுப்படியாகும். அதற்குக் குறைவென்றால் இரத்மலானையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். பறக்கும் ஆசை குறையாது, பணமும் மிஞ்சும்.

என் தீர்ப்பு இதுதான். லொக் புத்தகங்கள் முழுதாக இருந்து, அரிப்பு முக்கியப் பாகங்களைத் தொடாமல், எஞ்சினை முடிந்ததாகக் கருதிய விலைக்கு உரிமையாளர் இறங்கி வந்தால், இந்த விமானம் வாங்கத் தகுந்ததே. இதில் ஒன்று தவறினாலும் அடுத்ததைத் தேடுங்கள், பழைய செஸ்னாக்களுக்குப் பஞ்சமில்லை. எப்படியானாலும், சீனன்குடாவில் கொட்டகை இடம் உறுதி என்ற கடிதம் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.