கார்ப்பரேட்டர் எழுப்பும் சத்தங்கள் – பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

நம் சங்க அன்பர்கள் சிலர் வீட்டில் இன்றும் ஒரு பழைய அம்பாசடரோ பத்மினியோ நிற்கிறது. அப்பா வாங்கியது, மாமனார் கொடுத்தது, விற்க மனம் வராமல் வைத்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மும்பையின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. கார்ப்பரேட்டரைத் தொட்டுப் பழகிய மிஸ்திரிகளும் குறைந்து வருகிறார்கள். ஆகவே வண்டி என்ன சொல்கிறது என்பதை வைத்திருப்பவரே ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஐம்பது ரூபாய் எண்ணெயில் தீரும் கோளாறுக்குப் பல ஆயிரம் செலவாகும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும்.

ரயில்வேயில் நான் வேலை பார்த்த காலத்தில், ரயில் வந்து நின்றதும் ஊழியர் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று ஒலித்தால் நல்ல சக்கரம். மொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தமே முதல் சாட்சி. காருக்கும் இதே பாடம்தான். சத்தம் கேட்டவுடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கிருந்து வருகிறது? ஐடிலிங்கிலா, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடானபிறகா?

கார்ப்பரேட்டர் செய்யும் வேலை

காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதே இதன் வேலை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் கலவை ‘லீன்’, பெட்ரோல் மிகுந்தால் ‘ரிச்’. 1489 சி.சி. எஞ்சின் கொண்ட அம்பாசடர்கள் பலவற்றில் எஸ்.யு. கார்ப்பரேட்டர் இருக்கும். அதில் ஒரு பிஸ்டன் காற்றின் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். அதன் அடியிலுள்ள ஊசி ஜெட்டிலிருந்து வரும் பெட்ரோலை அளந்து விடும். பத்மினியின் சோலெக்ஸில் இந்தப் பிஸ்டன் கிடையாது. அளவு மாறாத ஜெட்டுகள் உண்டு.

இனிச் சத்தங்களைப் பார்ப்போம்.

1. ‘உஸ்ஸ்’ என்ற சீறல்

காற்றை இழுக்கும் மெல்லிய மூச்சு எந்தக் கார்ப்பரேட்டருக்கும் இயல்பு. ஆனால் ஐடிலிங் நிலையாக இல்லாமல் விடாது சீறினால், எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது என்று பொருள். கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட், தளர்ந்த நட்டுகள், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாய், தேய்ந்த த்ராட்டில் ஸ்பிண்டில் ஆகியவை வழக்கமான இடங்கள். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போல இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். சீறல் ஒரு கணம் அடங்கினாலோ எஞ்சினின் வேகம் மாறினாலோ ஓட்டை அங்கேதான். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சின் மேல் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

2. ‘பட்... பட்’ என்று வாய்வழியே துப்புதல்

பெரும்பாலும் கலவை லீன் என்பதற்கு அடையாளம். மெதுவாக எரியும் லீன் கலவையின் நெருப்பு, இன்லெட் வால்வு திறக்கும்போதும் அணையாமல் இருந்து பின்னோக்கிப் பாய்கிறது. சோதனை எளிது: சோக்கைச் சிறிதளவு இழுங்கள். துப்புவது நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அடைபட்ட ஜெட், அழுக்கு ஃபில்டர், சோர்ந்த பம்ப், அல்லது மேலே சொன்ன திருட்டுக் காற்று. சோக்கை இழுத்தும் மாற்றமில்லை என்றால் பழி கார்ப்பரேட்டர் மேல் இல்லை. பிளக் வயர்களைப் பாருங்கள். அம்பாசடரில் எரியும் வரிசை 1-3-4-2. ஒழுங்கான தாளத்தில் விடாமல் துப்பினால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது மட்டும் எஸ்.யு. துப்பித் திணறினால், முதலில் டேம்பர் எண்ணெயைப் பாருங்கள். பிஸ்டன் வேகமாக மேலே தாவாமல் தடுப்பது அந்த எண்ணெய்தான். அது வற்றினால் காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பிந்தும். அண்டை வீட்டு நண்பர் ஒருவருக்கு இதே கோளாறு. புதுக் கார்ப்பரேட்டர் போட வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். மேல் மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. 20 கிரேடு எண்ணெய் விட்டதும் வண்டி சரியாகிவிட்டது. எவ்வளவு விடவேண்டும் என்பதற்குக் கணக்கு: டேம்பரைத் திரும்ப இறக்கும்போது, மூடி உட்கார ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இருக்கையில் கைக்குத் தடை தெரிய வேண்டும்.

3. சைலன்சரில் ‘டமார்’

இது பின்பக்கத்துச் சத்தம். எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய் அங்கே வெடிக்கிறது. சோக் முழுவதும் திரும்பாதது, மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் வழிவது, ஒரு பிளக் எரியாதது ஆகியவை காரணமாகலாம். காலை எடுக்கும்போது மட்டும் வெடித்தால் சைலன்சர் குழாயின் இணைப்பில் கசிவு உண்டா என்றும் பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் உண்மை தெரியும்: கரி படிந்த கறுப்பு ரிச், வெளுப்பு லீன், இளம் பழுப்பு சரி.

4. ‘டக்’ என்ற சத்தம்

இது நல்ல சத்தம். எஞ்சின் நின்றிருக்கும்போது ஏர் கிளீனரைக் கழற்றி, எஸ்.யு. பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். மெல்லிய ‘டக்’ ஒலியோடு தடையின்றி விழ வேண்டும். சத்தமே இல்லாமல் பாதியில் நின்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது அல்லது அழுக்கு ஏறியிருக்கிறது.

5. நிறுத்திய பிறகும் ‘கடகட’

சாவியைத் திருப்பியும் எஞ்சின் நிற்காமல் உதறினால், உள்ளே படிந்த கரி தணலாகக் கனன்று கலவையைக் கொளுத்துகிறது. ஐடிலிங் வேகம் மிகுதியா, இக்னிஷன் டைமிங் பிந்தியிருக்கிறதா, எஞ்சின் அதிகம் சூடாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய பெட்ரோல், பழைய வண்டி

பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய வண்டி அண்மையில் துப்பத் தொடங்கியிருந்தால் பெட்ரோலையும் நினைத்துப் பாருங்கள். 2025 முதல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். ஆகவே பழைய அளவிலேயே ஜெட் இருந்தால் கலவை தானாக லீன் ஆகிவிடும். எஸ்.யு.வில் ஜெட்டின் அடியிலுள்ள ஆறுமுக நட்டை ஒவ்வொரு முகமாகக் கீழிறக்கினால் பெட்ரோல் கூடும். பிறகு பக்கத்திலுள்ள ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். எஞ்சின் வேகம் சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி அப்படியே நின்றால் ரிச். அணையப் பார்த்தால் லீன். சோலெக்ஸில் ஜெட்டையே மாற்ற வேண்டிவரும்.

இதைவிட முக்கியமானது ரப்பர். பழைய காலத்துப் பெட்ரோல் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் உப்பவும் வெடிக்கவும் செய்யும். கசியும் குழாயும் துப்பும் கார்ப்பரேட்டரும் சேர்ந்தால் தீதான். எத்தனாலைத் தாங்கும் குழாய் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியவை

ஸ்டார்ட் செய்யும்போது யாரும் கார்ப்பரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. வாய்க்குள் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். வேட்டி, புடவைத் தலைப்பு, துப்பட்டா ஃபேனுக்கு எட்டாமல் இருக்கட்டும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிதந்து தீயைப் பரப்பும்.

மிஸ்திரியிடம் போகும்போது “ஏதோ சத்தம் வருகிறது” என்று சொல்லாமல், முன்சொன்ன மூன்று கேள்விகளுக்கான விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தேவையில்லாத செலவும் குறையும். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லிக்கொடுங்கள். வண்டியோடு இந்த அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரட்டும்.