அறக்கொட்டியும் நெற்பயிரின் தற்காப்பும்

கதிர் பால்பிடித்து முற்றிவரும் காலத்தில், பச்சையாக நின்ற வயலின் நடுவே ஓரிடம் வட்டமாக மஞ்சளித்துக் காயும். சில நாட்களுள் அவ்வட்டம் பெருகி, வயல் எரிந்ததுபோற் காணப்படும். இது கபிலநிறத் தத்தியின் வேலையாகும். கமக்காரர் இதனை அறக்கொட்டி என்பர். விதைக்கும் பசளைக்கும் கூலிக்கும் செலவிட்ட பணம் யாவும் அறுவடைக்கு முன்னரே வைக்கோலாகிவிடும்.

இப்பூச்சியை எதிர்த்து நிற்கும் ஆற்றல் சில நெல்லினங்களுக்கு இயல்பாகவே உண்டு. அவ்வாற்றல் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் விளக்கியுள்ளன. அதனை அறிந்துகொண்டால், வயலிற் செய்யவேண்டியதும் செய்யத்தகாததும் தெளிவாகும்.

பூச்சி உண்டாக்கும் சேதம்

தத்தி, பயிரின் அடியில் நீர்மட்டத்தை ஒட்டி வாழ்வது. பெண்பூச்சி இலைமடலைக் கீறி அதனுள்ளே முட்டையிடும். ஏறக்குறைய ஒரு மாதத்துள் அடுத்த தலைமுறை வளர்ந்துவிடும். இலையிலே தயாராகும் உணவைப் பயிரின் மற்றப் பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் உரியம் எனப்படும். பூச்சி தன் ஊசி போன்ற வாயுறுப்பை உரியத்தினுட் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றது. இதனால் வேரும் கதிரும் உணவின்றி வாடுகின்றன. அன்றியும், பயிரைக் குட்டையாக்கும் வைரசு நோய்களையும் இப்பூச்சி பரப்புகின்றது.

இலங்கை நெல்லின் சிறப்பு

1977ஆம் ஆண்டில், பிலிப்பைன் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இலட்சுமிநாராயணா, குஷ் என்னும் விஞ்ஞானிகள், தத்தியை எதிர்க்கும் புதிய பரம்பரையலகுகள் இரண்டினை அறிவித்தனர். பெற்றோரின் இயல்பைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்லும் கூறே பரம்பரையலகு. அவ்விரண்டும் இலங்கையின் பழைய நெல்லினங்களிற் காணப்பட்டவை. ஒன்று ரத்து ஹீனட்டி என்னும் சிவப்பு நெல், மற்றையது பாபவீ.

2015ஆம் ஆண்டில், ரத்து ஹீனட்டியின் ஆற்றலுக்குக் காரணமாயிருப்பவை அடுத்தடுத்து அமைந்த மூன்று பரம்பரையலகுகள் எனச் சீன விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இவை உண்டாக்கும் புரதங்கள் கலத்தின் வெளிமென்சவ்வில், வாயிற்காவலர்போல் அமைந்து, பூச்சி வந்ததைக் கலத்தினுள்ளே அறிவிக்கின்றன.

பயிர் பூச்சியை அறியும் விதம்

2023ஆம் ஆண்டில், சீனாவின் ஊகான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வேறொரு பரம்பரையலகைப்பற்றி மேலும் ஒரு விளக்கம் அளித்தனர். இது காட்டுநெல்லிலிருந்து பெறப்பட்டது. தத்தி உறிஞ்சும்போது தன் உமிழ்நீரிலுள்ள புரதமொன்றைப் பயிரினுட் செலுத்துகின்றது. சாதாரண இனங்களில் அப்புரதம் பயிரின் தற்காப்பை அடக்கிவிடும். எதிர்ப்புள்ள இனத்திலோ, பயிர் அதே புரதத்தைக் கொண்டு பகைவனை அடையாளங்கண்டு தற்காப்பைத் தொடங்குகின்றது. பூச்சி உறிஞ்சுவதை நிறுத்தியதும், பயிர் அப்புரதத்தை அழித்துத் தற்காப்பையும் தணித்துக்கொள்கின்றது. தற்காப்பு ஓயாது நடைபெற்றால் வளர்ச்சி குன்றும் என்பதே இதற்குக் காரணம்.

எதிர்ப்பு முறிவது ஏன்?

காவலன் ஒருவனே, அவன் அறிந்ததும் ஓர் அடையாளமே. அவ்வடையாளம் மாறிய பூச்சி வந்தால் காவல் பயன்படாது. 1973ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஐ. ஆர். 26 என்னும் நெல்லினம் தத்தியை நன்கு எதிர்த்தது. ஆனால், அந்த ஓரினமே பெருநிலங்களில் விதைக்கப்பட்டதால், சில ஆண்டுகளுள் அதனையும் உண்ணவல்ல பூச்சிகள் பெருகின. ஆகவே, எதிர்ப்புள்ள இனம் பெரிய உதவியேயாயினும், அதுமட்டும் போதுமானதன்று.

வயலிற் கடைப்பிடிக்க வேண்டியவை

1. விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்து, எதிர்ப்புள்ள இனத்தைத் தெரிந்துகொள்க. போகந்தோறும் வெளி முழுவதிலும் ஓரினத்தையே விதைத்தல் நன்றன்று.

2. ஒரு வெளியிலுள்ளோர் யாவரும் ஒரே காலத்தில் விதைத்தல் வேண்டும். முன்பின்னாக விதைத்தால் பூச்சிக்கு இடையறாது உணவு கிடைக்கும்.

3. அளவுக்கு மிஞ்சி விதையாதிருக்க. நெருங்கிய பயிரின் அடியில் நிழலும் ஈரமும் நிலைத்துப் பூச்சி பெருகும்.

4. யூரியாவை விதந்துரைத்த அளவிலே, பல முறையாகப் பிரித்து இடுக. மிகையாயிட்டாற் பயிர் மென்மையாகிப் பூச்சியை ஈர்க்கும்.

5. வாரந்தோறும் வயலுள் இறங்கிப் பயிரை விலக்கி அடியைப் பார்க்க. வரம்பில் நின்று பார்ப்பவருக்குப் பூச்சி தெரியாது. பூச்சி கண்டால் சில நாட்களுக்கு நீரை வடியவிடுக.

6. முதல் நாற்பது நாட்களில் தேவையின்றிப் பூச்சிநாசினி தெளியாதிருக்க. அது தத்தியைத் தின்னும் சிலந்திகளையும், அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளையும் கொன்றுவிடும். இலைமடலினுள்ளே மறைந்துள்ள முட்டைகளோ தப்பிப் பொரிக்கும். பகையில்லாத வயலில் அவை முன்னிலும் பன்மடங்காகப் பெருகும். தெளிக்கவேண்டி நேரிட்டால், விதந்துரைத்த மருந்தையே பயிரின் அடியிற் படும்படி தெளிக்க.

7. அறுவடையின்பின் தாளிலிருந்து துளிர்க்கும் பயிரை உழுது புதைக்க.

பழைய விதையைப் பேணுதல்

விளைச்சல் குறைவென்று கைவிடப்பட்ட ஒரு சிவப்பு நெல், இன்று உலக விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டுகின்றது. ஆதலால், பாட்டன் காலத்து நெல்லினம் எதனையேனும் வைத்திருப்போர், சிறிதளவாயினும் ஆண்டுதோறும் விதைத்து அதனைக் காத்துவருதல் நன்று. நாளை வரும் புதிய பூச்சியை அறியும் காவலன் அவ்விதையினுள்ளே இருக்கக்கூடும்.