இருக்கும் பெயரை "இல்லை" என்பதேன்?

நீண்டதொரு பெயர்ப்பட்டியலைக் கணினியிலே திறந்து நம்மவர் பெயரைத் தேடுகிறோம். "இல்லை" என்று விடை வருகிறது. உடனே பக்கத்தை மூடிவிடலாகாது. பயர்பாக்ஸ் உலாவியைக் கொண்டு இதன் காரணங்களை ஆராய்வோம்.

1. கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் அடியிலே தேடற்பட்டை தோன்றும். அதில் முழுச் சொல்லை மட்டும் தேடும் கட்டத்திலே குறி இருந்தால் நீக்குக. குறி இருக்குமட்டும், "பாத்திமா" என்று தேடுவோர்க்குப் "பாத்திமாவுக்கு" அகப்படாது. உருபுகள் ஒட்டிவரும் நம் மொழிக்கு இக்கட்டுப்பாடு ஒவ்வாது.

2. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும் கட்டத்தையும் நீக்குக. ஆங்கில எழுத்துப் பட்டியல்களில் பெயர்கள் பெரிய எழுத்திலேயே இருப்பதுண்டு.

3. ஒற்றை மேற்கோள் விசையால் திறந்த பட்டை, இணைப்புச் சொற்களை மட்டுமே தேடும். அதனை மூடி, முன்சொன்னபடி திறக்க.

4. எதைத் தட்டினாலும் பட்டை தானே எழுமாயின், தட்டத் தொடங்கியதும் தேடும் வசதியை அமைப்புகளிலே நிறுத்துக.

5. உலாவி எழுத்தைப் பார்க்குமேயன்றி ஆளை அறியாது. "முஹம்மது" என்றிருப்பது "முகமது" என்று தேடினால் கிடைக்காது. இரண்டிற்கும் பொதுவான "மது" என்று தேடுக, இரண்டும் கிடைக்கும்.

6. படமாக ஒட்டிய பட்டியலுள் இத்தேடல் செல்லாது. அதனைக் கண்ணாலேயே படித்தல் வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின்னரே பெயர் இல்லையென்று முடிவு கட்டுவோமாக.