ஆசிரியர் கூட்டுறவும் கலைச்சொல்லும்

ஓராசிரியர் தம் வகுப்பறையில் ஒரு பொருட்குப் புதிதாகச் சொல்லொன்று அமைத்து வழங்குவாராயின், அச்சொல் பெரும்பாலும் அவ்வறையின் சுவர்களைக் கடப்பதில்லை. அடுத்த ஊர்ப் பள்ளியில் அதே பொருட்குப் பிறிதொரு சொல் வழங்கும். இருவரும் புலமையிற் குறைந்தவரல்லர். கலந்து பேச இடமின்மையே குறை. நம் பாடநூல்கள் ஒளிச்சேர்க்கை என்பதனை ஈழத்துப் பாடநூல்கள் ஒளித்தொகுப்பு என்கின்றன. நமக்கு வேதியியல், அவர்க்கு இரசாயனவியல். நாம் ஆக்சிஜன் என்பதனை அவர் ஒட்சிசன் என்பர். நம் பாட்டன்மாரோ பிராணவாயு என்று படித்தனர். இவற்றுள் எது செவ்விய சொல் என்பது வேறு வினா. பள்ளி மாறி வந்த மாணவி, தான் முன்னமே கற்ற பொருளைக் கல்லாததென்று எண்ணி மயங்குகின்றாளே, அம்மயக்கமே ஈண்டு நாம் கருதுவது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவராகிய கிறீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழாக்கினார். அரிய தொண்டே. எனினும் 1873-இல் அவர் தாயகம் திரும்பிய பின் அம்முயற்சி நிலைபெறவில்லை. ஒருவர் தோளில் நின்ற பந்தல் அது.

கூட்டாக முயன்றோர் நம் சேலத்திலேயே இருந்தனர். ஃபேர்லேண்ட்ஸ் வீதிகளில் நாள்தோறும் நடக்கும் நம்மவருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? இந்நகரில் அந்நாளில் வழக்கறிஞராயிருந்த இராஜகோபாலாச்சாரியார், வேங்கடசுப்பையர் துணையுடன், 1916-இல் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தாவரநூல், இரசாயனம், பௌதிகம், வானநூல், கணிதம் ஆகியவற்றிற்குரிய சொற்களைத் தமிழில் அமைத்தல் அதன் பணி. சங்கம் ஓர் இதழும் நடத்திற்று. அது படைத்த சொற்களினும் அவ்விதழையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். அச்சேறிய சொல்லை வேற்றூர் ஆசிரியர் காணலாம், ஏற்கலாம், மறுத்து எழுதலாம். வகுப்பறைச் சொல்லுக்கு இவ்வாய்ப்பு ஏது? சங்கத்தின் பெயரிலேயே வடசொல் மிகுந்திருத்தல் இன்றைய தமிழ் மாணவர்க்கு உறுத்தும். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் வெளியிட்ட கலைச்சொற்றொகுதி தமிழ் வேர்களை மிகுதியும் நாடிற்று.

இவ்விடர் நமக்கே உரியதன்று. பாரசீக மொழி பேசும் ஆசிரியர் ஈரான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான் என மூன்று நாடுகளிற் பரந்துள்ளனர். ஈரானியர் 1935-இல் மொழிக்கழகம் நிறுவிச் சொல்லாக்கினர். பல்கலைக்கழகத்தை அவர் தானிஷ்கா என்பர். ஆப்கானிஸ்தானத்திலோ பொஹன்தூன் என்னும் பஷ்தூச் சொல்லே அரசு வழக்கு; இவ்விரண்டனுள் எதனை வழங்குவது என்பது அங்குப் பெரும் பூசலாயிற்று. தஜிகிஸ்தானத்தில் சொல் ஈரானியர் சொல்லேயாயினும், 1940 முதல் எழுத்து ருஷிய எழுத்து. அம்மூன்று நாட்டு ஆசிரியரையும் ஓரவையில் இருத்த விழைவோர் முதலிற் கடக்கவேண்டிய ஆறு இதுவே.

எழுத்தின் தொல்லை தமிழர்க்கும் நேர்ந்ததுண்டு. கணினி புகுந்த காலத்தில் ஒருவர் எழுத்துருவில் எழுதிய மடல் பிறர் திரையில் குறிகளாய்ச் சிதைந்து தோன்றிற்று. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடு பொது எழுத்துக் குறியீட்டு முறைகளை வகுத்தது அதனைத் தீர்க்கும் முயற்சிகளுள் ஒன்று. 2017-இல் தமிழ்நாட்டு ஆசிரியர்க்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பயிற்சி அளிக்கப்பட்டது. அங்கே ஒரு கட்டுரையின் தலைப்புச் சொல்லை ஒருவர் மாற்ற விரும்பின், காரணங் காட்டி உரையாடலாம். அவ்வுரையாடல் அழியாது நிற்கும். தோற்ற சொல்லும் துரத்தப்படுவதில்லை. அதனைத் தேடுவோரையும் அதே கட்டுரைக்கு வழிப்படுத்தும் ஏற்பாடு உண்டு. சொற்பூசலுக்கு இதனினும் நாகரிகமான தீர்ப்பை நாம் கண்டிலேம்.

ஆயின் தமிழ் மாணவராகிய நமக்கு வேர்ச்சொல் தெரியும், வேதியியல் தெரியாது. அறிவியல் ஆசிரியர்க்கோ மாணவர் எச்சொல்லில் இடறுகின்றனர் என்பது நன்கு தெரியும். இராசிபுரத்திலும் ஆத்தூரிலும் உள்ள அறிவியல் ஆசிரியர் அவ்விடறு சொற்களைக் குறித்தனுப்ப, நம் தமிழ் மன்றம் திங்கள்தோறும் ஒரு மாலை அவற்றை ஆராய்ந்து விடை எழுதுதல் கூடும். பத்துச் சொற்களோடு தொடங்கலாம்.