கணக்குப் போட்டு வரைந்த படம்

நம்பிக்கை: சி.டி. ஸ்கேன், உடம்பைக் குறுக்கே வெட்டி எடுத்த போட்டோ மாதிரி.

உண்மை: அந்த மெஷினுக்குள் கேமராவே கிடையாது. ஒரு பக்கம் புகுந்த எக்ஸ்ரே கதிர் மறுபக்கம் வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அது அளக்கிறது, அவ்வளவுதான். வழியிலிருந்த எலும்பு, சதை, நீர் எல்லாம் சேர்ந்து தடுத்ததன் மொத்தக் கூட்டுத்தொகை அது. எது எவ்வளவு தடுத்தது என்ற பிரிவினை அதில் இல்லை. அதைப் பிரித்தெடுத்துப் படமாக்குவது கணிதம். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

நம்பிக்கை: நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே இருந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

உண்மை: ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் 3, 2. கீழ் வரிசையிலும் 3, 2. குறுக்கே கூட்டினால் 5, 5. நெடுக்கே கூட்டினால் 6, 4. இப்போது மேலே 4, 1 என்றும் கீழே 2, 3 என்றும் மாற்றி எழுதுங்கள். கூட்டுத்தொகைகள் அதேதான்! இன்னும் சில விடைகளும் உண்டு. மேல் இடது மூலையிலிருந்து சாய்வாகக் கூட்டினால்தான் குட்டு உடைகிறது: முதலாவதில் 5, இரண்டாவதில் 7. அந்த ஒரு எண் கிடைத்தாலே நான்கு கட்டமும் தீர்ந்துவிடும்.

உடம்புக்கோ ஆயிரக்கணக்கான கட்டங்கள். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மூளையை முதன்முதலாகப் படமாக்கியது காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி. 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவுகள், ஆக 28,800 எண்கள். அவற்றிலிருந்து கிடைத்தது 80-க்கு 80 புள்ளிகள் கொண்ட ஒரு படம்.

நம்பிக்கை: இந்தக் கணிதம் கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்தது.

உண்மை: ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் 1917-லேயே எழுதிவிட்டார்.

நம்பிக்கை: படத்தில் தெரியும் ஒவ்வொரு கோடும் உடம்பில் இருக்கிறது.

உண்மை: ராடோனின் சூத்திரம் எல்லாக் கோணங்களையும் கேட்கிறது, மெஷினிடம் இருப்பது எண்ணி எடுத்த கோணங்கள் மட்டுமே. அளவு குறைந்தாலோ கெட்டாலோ கணக்கு, உடம்பில் இல்லாத கோடுகளை இழுத்துவிடும். பல்லில் உலோக அடைப்பு இருந்தால், அதைத் தாண்டி வரும் கதிர் மிகச் சொற்பம். அந்தத் திசை அளவுகள் பாழ். தாடையிலிருந்து நட்சத்திரம் போல வெள்ளைக் கீற்றுகள் பாயும். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வீட்டாருக்கு அதைக் கண்டதும் நெஞ்சு பதறும். அது நோயல்ல. பதறும் முன் ரேடியாலஜிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.